துணைக்கு வந்தவன்

தம்பி, கொஞ்சம் நகர்ந்துக்கிறீங்களா? முன்னாடி சீட்டு காலியா இருக்கிறது தெரியுது. எனக்குக் கடைசி சீட்டுதான் சரிப்படும். முதுகுக்குப் பின்னால ஆள் உக்காந்தா பிடிக்காது. வியாதியெல்லாம் ஒண்ணுமில்ல, பழக்கம். பட்டாளத்துல இருந்தவன் நான். ஹவில்தார் மார்க்கபந்து. இப்ப கண்ணமங்கலத்துல ஒரு பேங்க்ல செக்யூரிட்டி. வியாழக்கிழமை மட்டும் லீவு கேட்டு வாங்கி வெச்சிருக்கேன்.

வேலூருக்கா? நானும் வேலூர்தான். அங்க பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு டிரஸ்ட் ஹால் இருக்கு. பட்டாளத்துல இருந்து திரும்பி வந்தவங்களுக்குன்னு வாரா வாரம் ஒரு கூட்டம் நடக்குது. மனசு சரியில்லாதவங்க உக்காந்து பேசுவாங்க. பேசறதுக்குன்னே ஒரு மேடம் இருக்காங்க, டீ உண்டு, பிஸ்கட் உண்டு. ஐயோ, எனக்கில்ல தம்பி. ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? எனக்கு ஒண்ணும் கிடையாது. நம்ம ஆளு ஒருத்தன் போறான், எத்திராஜுன்னு. அவனுக்குத் துணைக்குப் போனவன் நான்.

எத்திராஜும் நானும் ஒரே தெரு. ஒரே நாள்ல ஆள் எடுப்புக்கு ஓடினோம், ஒரே பெட்டாலியன், ஒரே வருஷம் வெளிய வந்தோம். அப்ப அவன் வயர்லெஸ் செட்டு, நான் சாதா சிப்பாய். அவ்வளவுதான் வித்தியாசம். வந்ததும் அவன் ஸ்கூல் வேன் ஓட்டினான், நான் துப்பாக்கியைத் தோள்ல மாட்டிக்கினு பேங்க் வாசல்ல நின்னேன். எல்லாம் சரியாத்தான் போச்சு, போன ஆடி மாசம் வரைக்கும்.

ஆடித் திருவிழா. அம்மன் ஊர்வலம் வருது, நல்ல கூட்டம். பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர் ஒருத்தர் எங்க பக்கத்துல நின்னாரு. அவர் இடுப்புல இருந்த வாக்கி டாக்கி கர்ர்ருனு இரைஞ்சிக்கினே இருந்துச்சு. நான் தேங்காய் உடைக்கிறதைப் பார்த்துக்கினு இருக்கேன். திரும்பினா எத்திராஜு அந்த போலீஸ்காரர் மேல விழுந்து வாக்கி டாக்கியைப் பிடுங்கி வாயில வெச்சிக்கினு கத்தறான். "சொல்லு, சொல்லு, கேக்குது! நான் இங்கதான் இருக்கேன், சொல்லு!" கண்ணு ரெண்டும் எங்கயோ இருக்கு. வேட்டி அவுந்தது கூடத் தெரியல. அவன் வேன்ல வர பிள்ளைங்க எல்லாம் பார்த்துக்கினு நிக்குதுங்க.

குடிச்சிருக்கான்னாங்க. அம்மன் வந்திருக்குன்னாங்க. அந்த போலீஸ்காரர் நல்ல மனுஷன். அடிக்கல, கிடிக்கல. தோளைப் பிடிச்சு உக்கார வெச்சு, "இவரு மிலிட்டரியா?"ன்னு என்னைத்தான் கேட்டாரு. ஆமான்னேன். "எங்க அப்பாவும் மிலிட்டரிதான்"னாரு. அவர்தான் இந்த டிரஸ்ட் விஷயத்தை எத்திராஜ் சம்சாரம் குணவதிகிட்ட சொன்னது.

அன்னிக்கு ஆரம்பிச்சது தம்பி. ஊரே அவன் வீட்டுல. நாட்டுக்கோழி சூப்பு இன்னா, கேழ்வரகுக் கூழு இன்னா, ஸ்கூல் பிள்ளைங்க அட்டையில பூ வரைஞ்சு கொண்டாந்து கொடுக்கிறது இன்னா. டீக்கடையில நான் போய் உக்காந்தா மாஸ்டர் முதல்ல கேக்கறது, "எத்திராஜண்ணன் எப்படி இருக்காரு?" நான் இன்னா அவனுக்கு நியூஸ் புல்லட்டினா? என் சம்சாரம் சம்பூரணம் சென்னையில பொண்ணு வீட்டுல இருக்கா. பேரனைப் பார்த்துக்கப் போனவ. ஒரு மாசம்னு போனா, அவளுக்கு அந்த ஊர் பிடிச்சிப் போச்சு, அங்கயே தங்கிட்டா. அவ போன் பண்ணாலும் முதல் கேள்வி, "அண்ணன் தூங்குறாரா?"

தூங்குறானாம்! அதை ஒரு சாதனையாட்டம் குணவதி தெருவுல சொல்லிக்கினு போகுது. "நேத்து நல்லா தூங்கினாரு." நான் ராத்திரியில தூங்கி எத்தனை வருஷம் ஆச்சு? யார்கிட்டயாவது சொன்னேனா? மொட்டை மாடியில நாற்காலி போட்டு உக்காந்துக்குவேன். தெருவுல யார் வரான் யார் போறான்னு பார்த்துக்குவேன். ஊருக்கு நல்லதுதானே அது. சம்பூரணம்தான் சொல்லுவா, "கீழ வந்து படுங்களேன், பயமா இருக்கு"ன்னு. காவலுக்கு ஒருத்தன் இருக்கும்போது இன்னா பயம்? பொம்பளைங்களுக்குப் புரியாது.

இன்னொண்ணு சொல்றேன் கேளுங்க. எங்க வீட்டுல ஃபிரிட்ஜ் கிடையாது. என் மருமகன் வாங்கிக் கொடுத்தாரு, திருப்பி அனுப்பிட்டேன். ஐஸ் போட்ட ஜூஸ் வீட்டுக்குள்ள வரக்கூடாது. மார்கழி வந்தா ஊருக்கு வெளிய செங்கல் சூளை ஒண்ணு இருக்கு, அங்க போய் உக்காந்துக்குவேன், கணகணன்னு இருக்கும். இதுக்கெல்லாம் யாராவது சூப்பு வெச்சாங்களா? எல்லாரும் "மார்க்கபந்து ஒரு மாதிரி, ஆனா கெட்டியான ஆளு"ன்னுட்டுப் போயிடுவாங்க. அழுது கத்தி வேட்டியை அவுத்துக்கினாதான் நம்ம ஊர்ல மரியாதை.

சரி விடுங்க. குணவதி வந்து என்கிட்ட நின்னுச்சு. "அண்ணே, இவரை வண்டி ஓட்ட வேணாம்னுட்டாங்க. வாரா வாரம் வேலூருக்குத் தனியா அனுப்ப மனசு வரல. நீங்க கூடப் போயிட்டு வாங்கண்ணே. நீங்க பக்கத்துல இருந்தா அவரு சாந்தமா இருக்காரு." எப்படி மாட்டேன்னு சொல்றது? கூட்டிக்கினு போனேன்.

ஹாலுக்கு வெளிய வராண்டாவுல ஒரு பெஞ்ச் இருக்கு. அங்க உக்காந்துக்குவேன். உள்ள ஆறேழு பேரு வட்டமா நாற்காலி போட்டு உக்காந்திருப்பாங்க. காட்பாடிக்காரர் ஒருத்தர், குடியாத்தத்துல இருந்து ரெண்டு பேரு, இப்படி. நடுவுல அந்த மேடம். நசீமான்னு பேரு. சின்ன வயசு. என் பொண்ணை விட ஒண்ணு ரெண்டு வயசு கூட இருக்கலாம். நாங்க இருந்த பனிமலையைச் சினிமாவுலதான் பார்த்திருக்கும். இந்தப் பொண்ணு கிட்ட போய் இவனுங்க இன்னாத்த சொல்லப் போறானுங்கன்னு நினைச்சேன்.

முதல் வாரமே அந்தப் பொண்ணு வெளிய வந்துச்சு. "சார், நீங்களும் உள்ள வாங்களேன். டீ ஆறிடும்."

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. துணைக்கு வந்தவன்."

"அதனால இன்னா சார், துணைக்கு வந்தவங்களும் டீ குடிப்பாங்கல்ல" அப்படின்னு சிரிச்சிக்கினே டம்ளரை நீட்டுச்சு. வாங்கும்போது என் வலது கையைப் பார்த்துச்சு. இதோ, நீங்களும் அப்ப இருந்தே பார்த்துக்கினுதான் இருக்கீங்க. மூணு விரல்ல நுனி இல்ல. "விரல் என்னாச்சு சார்?"னு கேட்டுச்சு. கரும்பு மெஷின்ல மாட்டிச்சுன்னேன். கேட்டவங்களுக்கெல்லாம் அதைத்தான் சொல்றது.  "பெஞ்ச் வெயில்ல இருக்கு, நிழல் பக்கம் நகர்த்தித் தரச் சொல்றேன்" அப்படின்னுட்டுப் போச்சு.

அஞ்சு மாசம் அப்படியே ஓடுச்சு. வாரா வாரம் எத்திராஜு வெளிய வரும்போது முகம் கழுவின மாதிரி இருப்பான். பஸ்ல வரும்போது, "மேடம் இதைச் சொன்னாங்கடா பந்து, மூச்சை இப்படி இழுத்து விடணுமாம்"ம்பான். இழுத்து இழுத்து விடுவான் பக்கத்துல உக்காந்துக்கினு. எனக்குப் பத்திக்கினு வரும். நாங்க ரெண்டு பேரும் இத்தனை வருஷமா சாயங்காலம் ஆனா ஏரிக்கரையில போய் உக்காருவோம். ஒரு வார்த்தை அந்தக் காலத்தைப் பத்திப் பேசினதில்ல. பேச வேண்டியதில்லன்னு இருந்தோம். பேசாம இருக்கிறதுதான் எங்க சிநேகம்னு நான் நினைச்சிக்கினு இருந்தேன். இவன் போய் நேத்து வந்த பொண்ணுகிட்ட வாய் ஓயாம பேசிட்டு வரான். இப்ப சொல்லுங்க, எரியுமா எரியாதா?

அதுக்கும் மேல ஒரு சமாச்சாரம் இருக்கு. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

எங்க கூட ஏசுவடியான்னு ஒருத்தன் இருந்தான். நாகர்கோவில் பக்கம். வடியான்னு கூப்பிடுவோம். எனக்குக் கூடாரக் கூட்டாளி. மேல பனிமலை போஸ்ட்ல ஒரே கூடாரம், ஒரே ஸ்டவ்வு, ஒரே தூக்கம். எத்திராஜு செட்டு இருக்கிற கூடாரத்துல தனியா இருப்பான். ஞாபகம் வெச்சிக்குங்க. வடியான் என் கூட்டாளி. எத்திராஜுக்கு அவன் வெறும் சிநேகிதன்தான்.

ஒரு நாள் காலையில வடியான் காவலுக்குப் போனான். கொஞ்ச தூரத்துல பனிச் செங்கல் அடுக்கி ஒரு மறைப்பு கட்டியிருப்போம், அதுக்குள்ள. போன கொஞ்ச நேரத்துல மலை அசைஞ்சுது. சத்தம் கூட அவ்வளவு பெருசா இல்ல தம்பி. மூட்டையில இருந்து அரிசியைக் கொட்டின மாதிரி. நிமிர்ந்து பார்த்தா மறைப்பு இருந்த இடத்துல ஒண்ணுமே இல்ல. வெள்ளையா, நெடுக்க, சுத்தமா இருக்கு.

அவன் கையில வாக்கி டாக்கி இருந்துச்சு. எத்திராஜு செட்டுக் கூடாரத்துல இருந்து கத்தினான். "உயிரோட இருக்கான்! பேசுறான்! தோண்டுங்கடா!" நாங்க தோண்டினோம். மண்வெட்டி ஒண்ணு, மிச்சம் பேர் கிடைச்ச தட்டு, பலகை, டின்னு. அவன் எந்தப் பக்கம் இருக்கான்னு தெரியல. எத்திராஜு கத்திக்கினே இருந்தான், "பேசுறான், பேசுறான், விடாதீங்க." வெயில் சாயற வரைக்கும் கத்தினான். எடுக்கும்போது வடியான் போய் நேரம் ஆயிடுச்சு. முகம் நல்லா இருந்துச்சு. புருவத்துல மட்டும் பனி.

அப்புறம் ஆஸ்பத்திரியில நான் எத்திராஜைக் கேட்டேன். கையெல்லாம் கட்டு போட்டுப் படுத்திருக்கேன். "கடைசியா வடியான் இன்னாடா பேசினான்?" அவன் தலையைக் குனிஞ்சிக்கினு, "ஒண்ணும் புரியலடா பந்து. வெறும் இரைச்சல்தான்"னான். சரி, இரைச்சல். இரைச்சல்ல இன்னா புரியும்? நானும் விட்டுட்டேன். இத்தனை வருஷமா அதை நம்பிக்கினுதான் இருந்தேன். என் மனசுல வடியான் கடைசியா பேசினது கர்ர்ருனு ஒரு சத்தம், அவ்வளவுதான்.

போன தை மாசம் ஒரு வியாழக்கிழமை. பொங்கல் முடிஞ்சு முதல் கூட்டம். கரண்டு போயிடுச்சு. ஃபேன் நின்னுச்சு. ஃபேன் ஓடற வரைக்கும் உள்ள பேசறது வராண்டாவுக்குக் கேக்காது. அன்னிக்கு எத்திராஜு குரல் பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி கேக்குது.

"வடியான் பேசினது ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு ஞாபகம் இருக்கு மேடம்" அப்படின்றான்.

தம்பி, எனக்கு அப்ப இன்னா தோணுச்சுன்னு நினைக்கிறீங்க? துக்கமா? இல்ல. என் பொருளை ஒருத்தன் அவன் வீட்டுல வெச்சிக்கினு இத்தனை வருஷம் என் முன்னாலயே நடமாடியிருக்கான்னு தோணுச்சு. அதையும் யார்கிட்ட முதல்ல எடுத்துக் காட்டறான்? அந்தப் பொண்ணுகிட்ட. குடியாத்தத்துக்காரன்கிட்ட. வடியான் கறுப்பா சிவப்பான்னு தெரியாத ஆளுங்ககிட்ட.

கதவைத் தள்ளிக்கினு உள்ள போயிட்டேன்.

"இரைச்சல்னு சொன்னியேடா!"

எத்திராஜு எழுந்து நின்னுட்டான்.  மத்தவங்க எல்லாம் திரும்பிப் பார்க்கிறாங்க. காட்பாடிக்காரர் என்னைத் தடுக்க எழுந்தாரு, அந்தப் பொண்ணு கையைக் காட்டி அவரை உக்கார வெச்சுது. 

"சொல்லு. இன்னா சொன்னான்? என் கூட்டாளி இன்னா சொன்னான்?"

 எத்திராஜு என் முகத்தைப் பார்க்கல, என் கையைப் பார்த்துக்கினே சொன்னான். வடியான் ஊர்ப் பேச்சு அப்படியே வந்துச்சு அவன் வாயில. "'மக்கா எத்திராஜு, பந்துவ நிறுத்தச் சொல்லுடே. அவன் கையுறைய கழத்தி எறிஞ்சிட்டுத் தோண்டுவான், எனக்குத் தெரியும். பனியில வெறச்சு அவனுக்குக் கை போயிரும். எனக்குக் காலு தெரியல, நான் இனி வரமாட்டேன். அவன நிறுத்துடே'ன்னான். திருப்பித் திருப்பி அதையேதான்டா சொன்னான். நான் உன்கிட்ட சொல்லல. 'பேசுறான், தோண்டு'ன்னு மட்டும் கத்தினேன். அவன் பேச்சு நின்னு போன பிறகும் அதையே கத்தினேன். உன் கை போனது என்னாலதான்டா பந்து. தினமும் நீ டீ டம்ளரைப் பிடிக்கிறதைப் பார்க்கிறேன். எப்படிடா சொல்லுவேன் உன்கிட்ட?"



நான் கையுறையைக் கழட்டித்தான் எறிஞ்சேன் தம்பி. அது இருந்தா பிடிமானம் கிடைக்காது. அது யாருக்கும் தெரியாது. எத்திராஜு கூடாரத்துக்குள்ள இருந்தான், அவனுக்குத் தெரியாது. பனிக்குள்ள கிடந்தவனுக்குத் தெரிஞ்சிருக்கு, பாருங்க.

எனக்கு வந்த கோவத்துல, "அட அறிவுகெட்டவனே"ன்னு ஆரம்பிச்சேன். "நீ சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருப்பேன்னு நினைச்சிக்கினு இருக்கியா? நிறுத்தியிருப்பேனாடா? வந்து உன் செட்டைத் தூக்கிப் பள்ளத்துல எறிஞ்சிட்டு மறுபடியும் போய்த் தோண்டியிருப்பேன். நீ இன்னா, கர்னல் வந்து சொன்னாலும் நிறுத்தியிருக்க மாட்டேன். இதுக்காடா இத்தனை வருஷம்?"

அவன் அப்படியே நாற்காலியில உக்காந்தான். உக்காந்தானா விழுந்தானான்னு தெரியல. முகத்தை மூடிக்கினான். நான் விடல. ஏன்னா அவன் கதையைத் தப்பா சொல்லிக்கினு இருந்தான். செட்டுப் பக்கத்துல இருந்தவனுக்கு தோண்டின கதை இன்னா தெரியும்? நான் சொன்னேன். எந்தப் பக்கம் முதல்ல தோண்டினோம், அது எப்படி தப்பாப் போச்சு, பனி எப்படி மேல மேல சரிஞ்சு வந்துச்சு, கடைசியில தட்டுப்பட்டது அவன் கை இல்ல, பூட்ஸு. நான்தான் தொட்டேன். வேற எவனும் இல்ல, நான். எல்லாத்தையும் சொன்னேன். திருத்தறதுக்காகச் சொன்னேன். நின்னுக்கினே எவ்வளவு நேரம் பேசினேன்னு தெரியல. நடுவுல கரண்டு வந்து, ஃபேன் ஓடி, யாரோ எழுந்து ஃபேனை நிறுத்தினது மட்டும் ஞாபகம் இருக்கு. முடிக்கும்போது என் சட்டைக் காலர் எல்லாம் ஈரம். அந்த ஹால்ல காத்தே வராது.

நசீமா மேடம் ஒரு நாற்காலியை என் பக்கத்துல இழுத்துப் போட்டுச்சு. உக்காந்தேன். பெருசா ஏதாவது சொல்லும்னு பார்த்தேன். அதுக்குத்தானே படிச்சிருக்கு. "அவர் எப்படி இருப்பாரு சார், வடியான்?" அப்படின்னு மட்டும் கேட்டுச்சு. இத்தனை வருஷத்துல அதை என்கிட்ட கேட்ட முதல் ஆளு அந்தப் பொண்ணுதான். எல்லாரும் எப்படிச் செத்தான்னுதான் கேப்பாங்க.

சொன்னேன். உயரமா, பல்லு கொஞ்சம் எடுப்பா, விசிலடிச்சிக்கினே இருப்பான்னு. உடனே எத்திராஜு கண்ணைத் துடைச்சிக்கினு, "பாடுவான் மேடம், நல்லா பாடுவான்"ன்றான். பாடுவானாம்! என் கூடாரத்துல படுத்தவன் பாடுவானா விசிலடிப்பானான்னு எனக்குத் தெரியுமா, இவனுக்குத் தெரியுமா? அங்கயே ஒரு சண்டை. குடியாத்தத்துக்காரன் சிரிச்சிட்டான். அப்புறம் எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அவமானமாப் போச்சு.

திரும்பி வரும்போது பஸ்ல ரெண்டு பேரும் ஒரே சீட்டு. கணியம்பாடி தாண்டினதும் எத்திராஜு என் தோள்ல தலையைச் சாய்ச்சான். குறட்டை. நல்ல பகல்ல, பஸ் அந்தக் குலுக்கு குலுக்குது, குழந்தையாட்டம் தூங்குறான். நான் உக்காந்து பார்த்துக்கினே வந்தேன். எவ்வளவு அக்கிரமம் பாருங்க. இத்தனை வருஷம் அவன் சுமந்ததை எடுத்து என் தலையில வெச்சிட்டு அவன் தூங்குறான்.

ஆனா ஒண்ணு தம்பி. கடைசி மூச்சுல வடியான் சொன்னது யார் பேரு? அவன் அம்மா பேரு இல்ல. எத்திராஜைக் கூப்பிட்டதும் என்னை நிறுத்தத்தான். பந்து, பந்துன்னு என் பேருதான். செட்டுல கேட்டவன் யாரா வேணா இருக்கட்டும். சொன்னது எனக்கு. அதை அன்னிக்கே எத்திராஜ்கிட்ட சொல்லிட்டேன். ஏரிக்கரையில. அவன் மறுக்கல. "உனக்குத்தான்டா"ன்னான். எனக்கு அப்பதான் கொஞ்சம் ஆறுச்சு.

அதுல இருந்து நான் வெளிய பெஞ்ச்ல உக்காரறதில்ல. உள்ளதான். ஏன்னா அவன் சொல்றதைத் திருத்த ஒரு ஆள் வேணும். நான் பேஷண்டு இல்ல, மேடம்கிட்டயே சொல்லிட்டேன். "சரிங்க சார், நீங்க திருத்தறதுக்கு வாங்க"ன்னுச்சு. புரிஞ்சிக்கிற பொண்ணு. ஆனா அதுகிட்டயும் ஒரு குறை உண்டு. எல்லாரையும் ஒரே மாதிரி கேக்கும். போன வாரம் புதுசா ஒரு நேவிக்காரர் வந்தாரு. கப்பல் கதை. அவருக்குப் பாதிக் கூட்டத்தைத் தூக்கிக் கொடுத்துடுச்சு. தலையை ஆட்டி ஆட்டிக் கேக்குது. எனக்கு ஆட்டறதை விட ரெண்டு ஆட்டு கூட. நான் வாட்சைப் பார்த்துக்கினே இருந்தேன்.

சம்பூரணத்துக்குப் போன்ல சொன்னேன், இந்த மாதிரி எத்திராஜு ஒரு விஷயத்தை மறைச்சிட்டான்னு. வடியான் சொன்னதையும் சொன்னேன். அவகிட்ட வடியான் பேரையே அன்னிக்குத்தான் முதல் தடவை எடுத்தேன் போல. அந்தப் பக்கம் சத்தமே இல்ல. லைன் கட்டாயிடுச்சுன்னு நினைச்சேன். அப்புறம், "விரல் கரும்பு மெஷின்ல போகலியா?"ன்னா. இல்லன்னேன்.  "நான் சனிக்கிழமை ஊருக்கு வரேன்"னா. இன்னாத்துக்குன்னு கேட்டா, பங்காளி வீட்டுல வளைகாப்பு இருக்குதாம். அந்த வளைகாப்பு முடிஞ்சு போச்சு, அவ இன்னும் கிளம்பல. சென்னை அலுத்துப் போயிருக்கும். மாடிக்கு ஒரு நாற்காலி கொண்டாந்து என் பக்கத்துல போட்டுக்கினு உக்காந்துக்கிறா. கொஞ்ச நேரம் உக்காந்திருக்கோம், அவளுக்குத் தூக்கம் வந்துடுது, "கீழ வாங்க"ன்றா. அவ தனியா இறங்கினா படியில தடுக்கி விழுந்துடுவாளேன்னு நானும் கூட இறங்கிடறேன். இறங்கினவன் மறுபடி ஏறுவானேன்னு அங்கயே படுத்துக்கறது.

இதோ, கோட்டை வந்துடுச்சு. எனக்கு அடுத்த ஸ்டாப்பு. அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்க. முறுக்கு, மேடத்துக்கு. சம்பூரணம் சுட்டுக் கொடுத்தா. நேவிக்காரருக்குக் கொடுக்கணும்னு ஒண்ணும் இல்ல.

எத்திராஜா? எத்திராஜு இன்னிக்கு வரல தம்பி. வேலை திரும்பக் கிடைச்சிடுச்சு. இந்த வாரத்துல இருந்து மறுபடியும் வேன் ஓட்டறான். மாசத்துக்கு ஒரு தடவை வந்தாப் போதும்னு மேடமே சொல்லிடுச்சு. பிள்ளைங்க எல்லாம் மாலை போட்டுதுங்களாம்.

சிரிக்காதீங்க. நீங்க இன்னா கேக்க வரீங்கன்னு தெரியுது. துணைக்குப் போக ஆளே இல்லாதப்ப இவன் எதுக்குப் போறான்னுதானே?

கண்டக்டர், ஹோல்டான், ஹோல்டான்! வயசானவன் இறங்கறேன், பார்த்துப்பா.

அவன் வரலன்னா அவன் நேரமும் எனக்குத்தானே தம்பி. விட்டா நேவிக்காரர் எடுத்துக்குவாரு.